பத்தோடு பறக்காத பதினொன்று

“பசிச்சா தானா தின்னும்.”

நாய்க் காப்பகத்திலிருந்து தத்தெடுத்த எங்கள் மிளகு, வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் கிண்ணத்தைத் தொடவே இல்லை. அப்போது இந்த மூன்று சொற்களைச் சொல்லாதவர்களே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஒரு நாயைக்கூட வளர்த்திராத என் தம்பி போனில் சொன்னான். பார்சல் கொடுக்க வந்த பையன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, “என்னக்கா, இவ்ளோ ஒல்லியா இருக்கு?” என்று கேட்டான், நான் கதையைச் சொன்னதும் அவனும் அதையே சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். சொன்னவர்கள் எல்லோர் முகத்திலும் ஒரே நிம்மதி. பிரச்சினையைக் கேட்டார்கள், தீர்த்துவைத்தார்கள், கிளம்பினார்கள். நிரம்பிய கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான்.

அந்த மூன்று சொற்களும் ஐந்து மாதமாக என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முதல் வாரத்தில் கேட்டிருந்தால் அது சுத்தப் பொய் என்று சத்தியம் செய்திருப்பேன். ஆறாவது வாரத்தில், சொன்ன ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று இருந்தது. ஒரே பேச்சு, ஒரே நாய், ஒரே கிண்ணம். எப்படி ஒன்றரை மாதத்தில் பொய் மெய்யானது என்பதை யோசித்து யோசித்துக் கடைசியில் எழுதியே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காப்பகத்தில் கொடுத்த தாளில் அவளைப் பற்றி ஐந்தாறு வரிகள் இருந்தன. பெண். வயது சுமார் நான்கு. எடை 12 கிலோ. கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசிகள் போட்டாகிவிட்டது. கடைசி வரி: ‘நன்றாகச் சாப்பிடுவாள்.’ முதல் இரண்டு நாளில் அந்தக் கடைசி வரியை நான் முறைத்த முறைப்பில் எழுத்து அழியாமல் இருந்ததே பெரிது. கன்னங்கரேல் என்று இருந்ததால் என் மகன் மிளகு என்று பெயர் வைத்தான். (நாயை ‘அவள்’ என்று எழுதலாமா என்று யாராவது சண்டைக்கு வருவதாக இருந்தால், அதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.)

பதினைந்து நிமிடம்

நாய் வருவதற்கு முன்பே படித்துத் தயாராகிவிடும் ஆள் நான். காப்பகத்தில் என்ன போட்டார்களோ அதே உலர்தீனியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். மாற்றுவதாக இருந்தாலும் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கலந்து, ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும் என்பது மனப்பாடம். முக்கியமாக, பதினைந்து நிமிட விதி. கிண்ணத்தை வை, பதினைந்து, மிஞ்சினால் இருபது நிமிடம் பொறு, சாப்பிடவில்லையா, எடுத்துவிடு, அடுத்த வேளைவரை எதுவும் கிடையாது. பசியும் ஒழுங்கும் சேர்ந்து நாயைச் சாப்பிட வைத்துவிடும். யோசித்துப் பார்த்தால் இதுவும் அந்த மூன்று சொற்கள்தான், கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

சனிக்கிழமை மதியம் வந்தாள். நேராகச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாலை கிண்ணத்தை வைத்தேன். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுவிட்டு இரண்டடி தள்ளிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தாள். அடிக்கடி உதட்டை நக்கிக்கொண்டாள். பசியில் நக்குகிறாள் என்று நினைத்தேன். பயந்த நாய் அப்படித்தான் உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பதினைந்து நிமிடம் ஆனது, எடுத்தேன். ஞாயிறு காலை, ஞாயிறு மாலை, திங்கள் காலை. நான்கு வேளை, நான்கு தடவையும் அதே ஸ்டாப்வாட்ச். இரவில் தண்ணீர் மட்டும் குறைந்திருந்தது. கடைசித் தடவை எடுக்கும்போது என் கை நடுங்கியது. அவள் வந்து நாற்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு பருக்கை உள்ளே போகவில்லை.

அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் அம்மா மிளகின் வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சூடு 38.6 டிகிரி செல்சியஸ். நமக்கு அது காய்ச்சல், நாய்க்குச் சாதாரணம். “உடம்புக்கு ஒண்ணும் இல்லை, பயந்திருக்கா” என்றார். “குட்டியா இருந்தா இவ்வளவு நேரம் விட்டிருக்கவே கூடாது. வளர்ந்த நாய்ன்னா ஒரு நாள் முழுசா சாப்பிடலைன்னா எனக்கு போன் பண்ணுங்க. வாந்தி, பேதி, சோர்வு, தண்ணியும் குடிக்கலை, இதுல எது சேர்ந்தாலும் அந்த ஒரு நாள்கூடப் பார்க்காதீங்க.” அப்புறம் கேட்டார்: “சாப்பாடு வெச்சிட்டு நீங்க எங்க இருப்பீங்க?” பக்கத்திலேயேதான், பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றேன், ஏதோ நல்ல பெயர் வாங்கப் போகிறவள் மாதிரி. அவர் ஒன்றும் சொல்லாமல் கையுறையைக் கழற்றினார். எனக்கு அந்த மௌனத்திலேயே பாதி புரிந்துவிட்டது.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். அன்று வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பத்தும் எவை என்று எண்ணிப் பார்த்தேன். மானம், குலம், கல்வி, வண்மை, அறிவுடைமை, தானம், தவம், உயர்ச்சி, தாளாண்மை, காமம். பத்தில் பயம் இல்லை. இரண்டு தடவை எண்ணினேன், இல்லைதான். பசி வந்தால் மானம் போகும், படித்த படிப்பு போகும். பயம் மட்டும் இடத்தை விட்டு அசையாது. அது உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குப் பசிதான் வராது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. எக்ஸ்கதிர் 1895-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன் அதை வைத்துச் செரிமானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எக்ஸ்கதிரை மறிக்கும் பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பைத் தீனியில் கலந்து பூனைக்குக் கொடுப்பார். இரைப்பை அலை அலையாக அசைவது திரையில் நிழலாகத் தெரியும். பூனை மிரண்டாலோ திமிறினாலோ அந்த அசைவு சட்டென்று நின்றுவிடும். தடவிக்கொடுத்து அது அமைதியான பிறகுதான் மறுபடி தொடங்கும். ஆபத்து வந்தால் சண்டை போடு, இல்லையென்றால் ஓடு என்று உடம்பு தயாராவதைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறோமே, அதைப் பின்னாளில் விளக்கியவரும் இவர்தான். சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராக நிற்கும் உடம்பு சாப்பாட்டைப் பற்றி நினைக்குமா? மேசைக்கடியில் மிளகு அந்த நிலையில்தான் கிடந்திருக்கிறாள். அவளுக்கு எதிரில் நான், ஸ்டாப்வாட்சோடு.

என் கையிலிருந்து மட்டும்

அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். உப்பு எதுவும் போடாமல் கோழியை வேகவைத்து, எலும்பை நீக்கிப் பிய்த்து, அந்தத் தண்ணீரையே வெதுவெதுப்பாக உலர்தீனி மேல் ஊற்றியிருந்தேன். நாய்க்கு நாக்கில் இருக்கும் சுவைமொட்டுகள் சுமார் 1,700தான். நமக்கு ஏறக்குறைய 9,000. நாக்கை வைத்துப் பார்த்தால் நாம்தான் ருசிக்காரர்கள். நாய் சாப்பிடுவது மூக்கால். ஆறிப்போன தீனி அதற்கு எழுத்து அழிந்த கடிதம் மாதிரி. கொஞ்சம் சூடு காட்டினால் மணம் எழும்பும். (வெங்காயம், பூண்டு போட்டு வேகவைத்தது என்றால் ஒரு சொட்டுகூடக் கூடாது. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பும் ஆகாது, சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.) ஒரு துண்டைக் கையில் வைத்து, கையைப் பின்பக்கமாக நீட்டி அப்படியே இருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது, அன்று ஸ்டாப்வாட்ச் இல்லை. முதலில் நகம் தரையில் உரசும் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் விரல் நுனியில் மூக்கின் ஈரம், உடனே விலகிப் போனது. மறுபடி வந்தது. துண்டை எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு பூப்போல எடுத்தாள். ஒன்பது துண்டு தின்றாள். என் கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். காலையில் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது முக்கியம். ‘மிளகு சாப்பிட்டுவிட்டாள்’ என்று நான் சொல்லவில்லை. ‘மிளகு என் கையிலிருந்து சாப்பிட்டாள்’ என்றேன்.

இரண்டாம் வாரம் அவள் மேசைக்கடியை விட்டு வெளியே வந்தாள். மூன்றாம் வாரம் வாலை ஆட்டினாள். தத்தெடுப்பவர்கள் வாயில் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு உண்டு: மூன்று நாளில் படபடப்பு அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டின் பழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்று நம்பத் தொடங்கும். எல்லா நாய்க்கும் பொருந்துமா என்பது வேறு விஷயம், மிளகுக்கு ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. பயம் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் கிண்ணம் மட்டும் தொடப்படாமலே இருந்தது. உலர்தீனி மேல் கோழி இருந்தால் கோழியை மட்டும் பொறுக்கினாள். சில நாளில் அதையும் கிண்ணத்திலிருந்து தின்னமாட்டாள், கையில் கொடுத்தால்தான். ஒரு நாள் கோழியையும் முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்; முட்டை அவித்தேன். வேறு தீனி வாங்கிப் பார்த்தேன், அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு புதுப் பையையும் முதல் நாள் ஆவலாகத் தின்றாள், மூன்றாம் நாள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாக்கு நீளம் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. தெரிந்தவர் ஒருவர், நாய் என்பது ஓநாய்தானே, பச்சை இறைச்சியைப் போடுங்கள், மாவுப்பொருளை எல்லாம் ஓநாய் தின்னுமா என்றார். ஓநாய் தின்னாது, சரி. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது, நாயிடம் நான்கிலிருந்து முப்பதுவரை இருக்கிறது என்று 2013-இலேயே ஆய்வு வந்துவிட்டது. மனிதனோடு சேர்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டே மாறி வந்த உயிர் அது. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு வாதம் செய்யத் தெம்பில்லை, முட்டை உரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது. அவள் மறுத்தால் அதைவிட நல்லதாக ஒன்று வந்தது. அதையும் மறுத்தால் இன்னும் நல்லது வந்தது. சில நாள் பிடிவாதமாக ஒன்றும் தராமல் இருப்பேன், அரை மணியில் மனசு கேட்காமல் எழுந்து போவேன். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை இரும்பாக்கும். சூதாட்டம் அதை வைத்துத்தான் பிழைக்கிறது. மறுப்பதற்கு நான் கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன், அதுவும் எப்போது வரும் என்று தெரியாத கூலி. அவள் புத்திசாலி. பயந்த நாயைப் பார்த்துப் பழகிய என் கண் அதைப் பயம் என்றே படித்துக்கொண்டிருந்தது.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்

ஐந்தாவது வார முடிவில் மறுபடி டாக்டரிடம் போனேன். கண்ணில் தண்ணீர் வராத குறையாகப் புலம்பினேன். கிண்ணத்தில் வைப்பதில் கால் பங்குகூடத் தின்பதில்லை, நான் ஊட்டினால்தான் ஏதோ கொஞ்சம், நேற்று நாங்கள் ஒரு கல்யாணத்துக்கே போகவில்லை, நான் இல்லாவிட்டால் பட்டினி கிடப்பாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மிளகை எடை மேடையில் ஏற்றினார். 12.6.

“அறுநூறு கிராம் ஏறியிருக்கு” என்றார். நான் மேடையைச் சந்தேகமாகப் பார்த்தேன். இறக்கி மறுபடி ஏற்றினார். 12.6. விலா எலும்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கையை மூடாமல் நீட்டி வைத்துக்கொண்டு புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுமோ அந்த அளவுக்கு லேசாகத் தட்டுப்பட வேண்டும், அதுதான் சரியான உடம்பு. மிளகுக்கு அப்படித்தான் தட்டுப்பட்டது. “பட்டினி கிடக்கிற நாய் இல்லை இது. ஒண்ணு பண்ணுங்க. மூணு நாள் ஒரு பேப்பர்ல எழுதுங்க. கிண்ணத்துல வெச்சதை இல்லை, வாய்க்குள்ள போனதை. யார் கொடுத்தாங்கன்னும் போடுங்க.”

யார் கொடுத்தார்கள் என்று எதற்கு, நான்தானே கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். முதல் நாள் முழுக்க என் கையெழுத்துதான். இரவு சாப்பாட்டின்போது, யாராவது ஏதாவது கொடுத்தால் எழுதிவிடுங்கள் என்று பொதுவாகச் சொன்னேன். மூன்று பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நான்கு வருட அலுவலகக் கணக்கு அனுபவத்தில் சொல்கிறேன், ஓர் அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்தால் எங்கோ ஒரு செலவு எழுதப்படாமல் இருக்கிறது.

இரண்டாம் நாள் மதியம் தாளில் பென்சிலால் கோணல்மாணலாக ஒரு வரி: ‘வேர்க்கடலை வெண்ணெய் 1 ஸ்பூன், ஹோம்வொர்க் செய்யும்போது’. மகன். அதற்குக் கீழே, மாலையில், பழைய காலத்து அழகான கூட்டெழுத்தில்: ‘பிஸ்கட் – 5’. மாமா, அதாவது என் மாமனார். இரவு பதினோரு மணிக்கு என் கணவர் ஃப்ரிட்ஜ் முன் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க வந்தவர் தாளைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் குடித்தார். அப்புறம் பென்சிலை எடுத்து ‘சீஸ் 30 கிராம்’ என்று எழுதினார். எழுதிவிட்டு, “தினமும் இல்லை” என்றார். மிளகு அவர் காலடியில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜ் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும்தான்.

அந்த இரவே கணக்குப் போட்டேன். நாயின் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு அதற்கு எவ்வளவு கலோரி வேண்டும் என்று வரும். 12 கிலோவுக்குச் சுமார் 450. கருத்தடை செய்த, சாதாரணமாக ஓடியாடும் நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்குவார்கள்: சுமார் 720. அன்று உள்ளே போனது: கிண்ணத்திலிருந்து உலர்தீனி 40 கிராம், ஏறத்தாழ 145. என் கையால் கோழி 120 கிராம், சுமார் 200. ஒரு முட்டை, 75. மாமாவின் பிஸ்கட் ஐந்தும் சேர்ந்து 175. சீஸ் 120. வேர்க்கடலை வெண்ணெய் 95. கூட்டினால் 810. அவளுக்குத் தேவையானதைவிட 90 அதிகம். தின்பண்டம் எல்லாம் சேர்ந்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. எங்கள் வீட்டில் முறையான சாப்பாடுதான் தின்பண்டமாக இருந்திருக்கிறது. இவள் சாப்பிடாத நாயே இல்லை. கிண்ணத்துக்கு வரும்போது வயிறு நிறைந்த நாய். பசிக்கவே விடாமல் பார்த்துக்கொண்டு, பசித்தால் தின்னும் என்று சொன்னவர்கள் மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

காலையில் தாளோடு எல்லோரையும் உட்காரவைத்தேன். அங்கேதான் விஷயம் வேறு திசைக்குப் போனது. மாமா மெதுவாக ஆரம்பித்தார். “தப்பா எடுத்துக்காதம்மா. நீ கொடுக்கறதை அவ தொடறதில்லை. நான் கொடுத்தா மட்டும்தான் சாப்பிடறா. சொன்னா உனக்கு வருத்தமா இருக்குமேன்னுதான் சொல்லலை.” என் கணவர் தலையைத் தூக்கினார். “அப்பா, உங்ககிட்டயும் சாப்பிடறாளா? என்கிட்ட மட்டும்னு நினைச்சேன்.” மகன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். மிளகு தன்னிடம் மட்டும்தான் சாப்பிடுகிறாள் என்பதை அவன் பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். ஒரே காதல் கடிதத்தை நான்கு பேருக்கு எழுதியவள் நடுக்கூடத்தில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சிரித்தோம். ரொம்ப நேரம் சிரித்தோம். ஆனால் மற்றவர்கள் எழுந்து போன பிறகு எனக்கு ஏதோ ஒன்று நெஞ்சில் நின்றது, அதை மறைப்பானேன். எனக்கு வந்தது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நாய் நன்றாகத்தான் சாப்பிடுகிறது, நோயில்லை, எடை கூடியிருக்கிறது. எனக்கு வந்தது பொறாமை. மேசைக்கடியில் இருந்தவளை இருட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வெளியே கொண்டுவந்தது நான். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தவரும் சீஸை நறுக்கியவரும் அதே இடத்தில் வந்து நின்றுகொள்வதா? கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தேனே, அது அவள் பட்டினி கிடப்பாள் என்பதற்காகவா, இல்லை நான் இல்லாமல் அவள் சாப்பிட்டுவிடுவாளோ என்பதற்காகவா? அந்தக் கேள்வியை நானே கேட்டுவிட்டு நானே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

மறுபடி பதினைந்து நிமிடம்

திட்டம் எளிது. நாள் கணக்குக்கு உலர்தீனியை அளந்து இரண்டு வேளையாகப் பிரிப்பது. மேலே கொஞ்சம் வெந்நீர், ஆறிய பதத்தில். தின்பண்டம் நான்கு பேருக்கும் சேர்த்து 70 கலோரி, அதற்குமேல் கிடையாது. கிண்ணத்தைச் சமையலறை மூலையில், பின்னால் சுவரும் முன்னால் வாசலும் தெரிகிற மாதிரி வைப்பது. வைத்தவுடன் எல்லோரும் வெளியேறிவிடுவது. பதினைந்து நிமிடம் கழித்து ஒருவர் போய் ஒன்றும் பேசாமல் எடுத்துவிடுவது.

ஆமாம், அதே விதிதான். முதல் வாரத்தில் அது ஒரு பயந்த உயிரின் மேல் நான் நடத்திய கொடுமை. ஆறாவது வாரத்தில் அதுவே சரியாக இருந்தது. விதி மாறவில்லை. எங்கள் வீட்டைத் தன் வீடென்று அவள் நம்பத் தொடங்கியிருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஓநாய் இரை கிடைக்காமல் நாட்கணக்கில் இருக்கும், கிடைத்த அன்று ஒரே வேளையில் எட்டொன்பது கிலோகூடத் தின்னும். அந்த வம்சத்தில் வந்த, டாக்டர் பார்த்து நலம் என்று சொன்ன, தண்ணீர் குடிக்கிற, வால் ஆட்டுகிற வளர்ந்த நாய் இரண்டு வேளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒன்றும் ஆகிவிடாது. இதை மனதுக்குள் நாற்பது தடவை சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள் காலை கிண்ணத்தை முகர்ந்துவிட்டு வெளியே வந்தாள். என்னிடம் வந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மாமாவிடம் போனாள். அப்புறம் கணவரிடம். மகனிடம் போனபோது அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஒரு சுற்று முடித்து மறுபடி என்னிடம். அன்று மாலை பாதி தின்றாள். இரண்டாம் நாள் காலை ஒன்றும் இல்லை, என்னைப் பார்த்து ஒரு தடவை குரைத்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் குரைத்ததே அன்றுதான். அவ்வளவு தைரியம் வந்துவிட்டதா என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கண் கலங்கவும் செய்தது. மூன்றாம் நாள் மாலை கிண்ணம் காலி.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நான்காம் நாள்தான் பிடிபட்டது. கூடத்தில் உட்கார்ந்து சமையலறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மொறுமொறு, மொறுமொறு, ‘ணங்’, அமைதி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மொறுமொறு, ‘ணங்’, அமைதி. கழுத்துப்பட்டையில் தொங்கும் பித்தளை வில்லை எவர்சில்வர் கிண்ணத்தின் விளிம்பில் மோதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் திடுக்கிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மாதம் எதிரில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தவளுக்கு இது தெரியவில்லை; அடுத்த அறையிலிருந்து கேட்டபோது தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் பட்டையைக் கழற்றிவிட்டோம், கிண்ணத்தையும் பீங்கானாக மாற்றினோம். அதற்குப் பிறகு இடையில் நிற்காமல் தின்றாள்.

கஷ்டப்பட்டது மாமாதான். அவர் சட்டைப் பையைப் பார்த்தாலே மிளகுக்கு இன்னமும் எச்சில் ஒழுகும், பையில் பிஸ்கட் இருக்கிறதா இல்லையா என்பது அடுத்த விஷயம். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் என்றதும் எல்லோருக்கும், நாய்க்கு எச்சில் ஊற வைத்த அந்த மணிதான் நினைவுக்கு வரும். அவருக்கு 1904-இல் நோபல் கிடைத்தது அதற்காக இல்லை, செரிமானத்தை ஆராய்ந்ததற்காக. தீனி கொடுக்கிற ஆளைப் பார்த்தாலே நாய்க்கு வாயூறியது அந்த ஆய்வுக்கு நடுவே குறுக்கிட்ட ஒரு தொந்தரவு, அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மற்றதற்குப் போனார். எங்கள் வீட்டில் அது தொந்தரவாகவே இருக்கிறது. மாமா சட்டை போடாமல் பனியனோடு நடமாடிப் பார்த்தார். பலனில்லை, மிளகு கொடியில் தொங்கும் சட்டைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். மாமாதான் கிண்ணம் வைத்தார். நான் அங்கிருந்து போன் செய்து, சாப்பிட்டாளா என்று கேட்டேன். “ஒரு பருக்கை மிச்சம் வைக்கலை” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நான் வெச்சா எப்பவும் இப்படித்தான்மா” என்றார். சரி மாமா என்று சொல்லிவிட்டு வைத்தேன்.